யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க

பெரிய தெருவில் வழி தெரியாமல் யாராவது விழித்துக்கொண்டு நின்றால், "ஜெராக்ஸ் அக்காகிட்டக் கேளுங்க" என்று கை காட்டிவிடுவார்கள். அக்கா மெஷினில் தாளைக் கவிழ்த்து மூடியை அழுத்திக்கொண்டே, "எங்க போகணும்?" என்பாள். இடத்தைச் சொன்னவுடன் அவள் வலது கை தானாகக் கதவுக்கு வெளியே நீளும்.

"நேராப் போங்க. பாலம் வரும். பாலத்தைத் தாண்டினா மரத்தடி. மரத்தடிக்கு எதிர்ல பழைய தபாலாபீஸ். அதுக்கு மாடியிலதான் பல் டாக்டர். கண்ணை மூடிக்கிட்டுப் போகலாம்."

கேட்டவர் தலையாட்டிவிட்டுப் போவார். கொஞ்ச நேரத்தில் வியர்த்து விறுவிறுத்துத் திரும்பி வருவார். பாலத்தையும் காணோம், மரத்தையும் காணோம், தபாலாபீஸும் இல்லை. அக்காவுக்குக் கோபம் வந்துவிடும். "நல்லாப் பாத்தீங்களா?" என்று கேட்பாள், என்னவோ அவர் கண்ணில்தான் கோளாறு என்பதைப் போல.

அவள் சொன்னதில் தப்பில்லை. பாலம் இருந்தது. அடியில் ஓடிய வாய்க்காலை மூடித் தார் போட்டதில் பாலம் தெருவோடு தெருவாகக் கலந்துவிட்டது. மரம் இருந்தது. ஒரு புயலில் சாய்ந்து, இரண்டு கடைகளின் கூரையையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போனது. தபாலாபீஸ் கோர்ட் பக்கம் குடிபோய், அந்த இடத்தில் இப்போது துணிக்கடை. அக்கா மட்டுமில்லை, அந்தத் தெருவில் பிறந்து வளர்ந்த அத்தனை பேரும் இப்படித்தான் வழி சொல்வார்கள். இருப்பதைக் காட்டி அடையாளம் சொல்ல அவர்களுக்கு வராது. அவர்கள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. இருக்கிற கடையை எப்படி நம்புவது? இன்றைக்கு வளையல் கடை, அடுத்த மழைக்காலத்தில் செல்போன் கடை. மூடிப்போன கிணறு அப்படியில்லை. போனது போனதுதான், இனி எங்கேயும் போகாது.

தெருவின் ஒரு முனை ரயிலடி, மறுமுனை கோர்ட். ரயிலடியிலிருந்து வருகிறவர் முதலில் தராசு மேடையைத் தாண்டவேண்டும். மூட்டைகளை நிறுத்துப் பார்க்க நகராட்சி வைத்திருந்த பெரிய தராசு அங்கே இருந்தது. இப்போது பழக்கடை. அடுத்தது கிணத்து முக்கு. கிணறு இருந்த இடத்தில் ஒரு ஏ.டி.எம். அதற்குப் பிறகு, அதுவரை ஒழுங்காக வந்துகொண்டிருந்த தெரு, எதிரில் கடன்காரனைப் பார்த்ததுபோல் சட்டென்று ஒதுங்கி வளைகிறது. அங்கே ஒரு காலத்தில் குளம். குளத்தைச் சுற்றிக்கொண்டு வண்டிகள் போன தடம்தான் பிறகு தெருவானது. குளத்தைத் தூர்த்துத் தியேட்டர் கட்டினார்கள். தியேட்டரை இடித்துக் கார் நிறுத்தும் கட்டடம் கட்டினார்கள். ஆனால் இல்லாத குளத்துக்கு மரியாதை கொடுத்து பஸ்கள் இன்றைக்கும் வளைந்துதான் போகின்றன.

அந்த வளைவில், தியேட்டருக்கு எதிர்ப்புறம், புதுக் கட்டடத்தை ஒட்டி அக்காவின் கடை. மாடியில் வீடு. புதுக் கட்டடம் என்பது அந்தத் தெருவிலேயே மிகப் பழைய கட்டடம். அது புதிதாக இருந்ததைப் பார்த்தவர்கள் யாரும் இப்போது உயிரோடு இல்லை. சுவர் விரிசலில் செடி முளைத்து, பின்பக்கம் முட்டுக் கொடுத்து நிற்கிறது. இருந்தாலும் அது புதுக் கட்டடம்தான்.

"கதவு நம்பர் சொல்லலாமே" என்று கேட்கத் தோன்றும். அது ஒரு தனிக் கூத்து. தென் பக்கத்துக்கு ரயிலடியிலிருந்து எண் போட்டவர்கள், வட பக்கத்துக்குக் கோர்ட்டிலிருந்து போட்டார்கள். குளம் தூர்ந்து நடுவில் புது மனைகள் முளைத்ததும், பக்கத்து எண்ணோடு ஒரு எழுத்தை ஒட்டவைத்தார்கள். பிறகு ஒரு அதிகாரி வந்து எல்லாவற்றையும் மாற்றினார். அவருக்குப் பிறகு வந்தவர் அதையும் மாற்றினார். வீட்டுச் சுவர்களில் மூன்று எண்கள் மூன்று நிறத்தில் மங்கிப்போய்க் கிடந்தன. தெருக்காரர்கள் யாரும் அவற்றை ஏறெடுத்துப் பார்த்ததில்லை.

அக்கா அந்த மாடி வீட்டில்தான் பிறந்தாள். கீழே அவள் அப்பா தட்டச்சுக் கடை வைத்திருந்தார். கோர்ட்டுக்குப் போகிறவர்கள் மனு அடிக்க வருவார்கள். பாவாடை கட்டிய வயதிலேயே படியில் உட்கார்ந்து அவர்களுக்குக் கோர்ட்டுக்கு வழி சொல்ல ஆரம்பித்துவிட்டாள். பயந்த முகத்தோடு வருகிறவர்கள், வழி தெரிந்ததும் கொஞ்சம் தெளிந்து நடப்பார்கள். அதைப் பார்ப்பதில் அவளுக்கு ஒரு பெருமை. அப்பா காலத்துக்குப் பிறகு தட்டச்சு போய் ஜெராக்ஸ் வந்தது, மின்சாரம் போனால் திட்டுவது வந்தது, முழங்கால் வலி வந்தது. வழி சொல்கிற பெருமை மட்டும் அப்படியே இருந்தது. அவள் வழி சொல்லி யாரும் தொலைந்து போனதில்லை என்று அடித்துச் சொல்வாள். திரும்பி வந்து கேட்டவர்களை அவள் கணக்கில் சேர்ப்பதில்லை.

அவளுடைய வீட்டுக்காரர் வெளியூர்க்காரர். பஸ் டிப்போவில் டைம் கீப்பர். எந்தப் பஸ் எப்போது புறப்பட்டது, எப்போது வந்து சேர்ந்தது என்று பார்ப்பதுதான் வேலை. ஒரே மகளை வெளியே அனுப்ப மனம் வராமல் அப்பா அவரை வீட்டோடு மாப்பிள்ளையாகக் கொண்டுவந்தார். வந்த அன்றிலிருந்து தெருவே அவரை மாப்பிள்ளை என்றது. மாமனார் கூப்பிட்டார், சரி. பக்கத்துச் செருப்புக்கடை அண்ணன் அக்காவோடு சேர்ந்து வளர்ந்தவர், அவர் கூப்பிட்டதும் முறைதான். அப்புறம் பால்காரர் கூப்பிட்டார், பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூப்பிட்டன, பஸ் கண்டக்டர்கள் "மாப்பிள்ளை சார்" என்றார்கள். மகளைக் கட்டிக்கொடுத்து, தனக்கே ஒரு மாப்பிள்ளை வந்த பிறகும் அவர்தான் தெருவுக்கு மாப்பிள்ளை. தலை முழுக்க நரைத்த மாப்பிள்ளை.

அவருக்கு எல்லாம் எண்ணாக இருக்கவேண்டும். அக்கா வழி சொல்வதைக் கேட்டால் அவருக்குத் தலை சுற்றும்.

"ஏம்மா, அந்த மனுஷன் வெயில்ல அலையப்போறார். துணிக்கடை மாடின்னு சொன்னா என்ன?"

"துணிக்கடை எந்நாளும் இருக்குமா?"

"தபாலாபீஸ் இருக்கா?"

"அது இருந்த இடம் இருக்கில்ல!"

"உங்க தெருவுல உசிரோட இருக்கிற எதுக்கும் மதிப்பில்ல. தார் போட்டு மூடினாத்தான் மரியாதை."

"ஆமா, நீங்க மனுஷனையே நம்பர் போட்டுக் கூப்பிடுற இடத்துலேருந்து வந்தவர்தானே!" என்று அக்கா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். இது அவர்கள் வீட்டில் அன்றாடம் நடக்கிற சண்டை. நடக்காத நாளில் இருவருக்கும் சோறு இறங்காது.

ஓய்வு பெற்ற பிறகு அவர் ஒரு டின் பெயிண்டும் ஒரு பிரஷும் வாங்கிவந்தார். வாசல் சுவரில் கடைசியாக வந்த கதவு எண்ணைப் பெரிதாக எழுதப்போகிறாராம். அக்கா குறுக்கே வந்து நின்றுகொண்டாள்.

"எங்கப்பா வீட்டுச் சுவர்ல கிறுக்காதீங்க. பஸ்ஸுக்குப் போடுற மாதிரி வீட்டுக்கு நம்பரா?"

"வெளியாள் யாராவது அவசரமா வரணும்னா?"

"யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க."

அவர் சிரித்துக்கொண்டே டின்னைப் படிக்கட்டுக்கு அடியில் தள்ளிவைத்தார். அவளிடம் தோற்பதில் அவருக்கு ஒரு வருத்தமும் இருந்ததில்லை. அந்த விஷயத்தில் மட்டும் அவர் தோற்றிருக்கக் கூடாது.

வேலை போனாலும் வேலைப் பழக்கம் போகவில்லை. சாயங்காலமானால் சட்டையை மாட்டிக்கொண்டு மரத்தடி ஸ்டாப்புக்குப் போய்விடுவார். அங்கே ஒரு விளக்குக் கம்பம். அதில் தோளைச் சாய்த்துக்கொண்டு, கடிகாரத்தைப் பார்ப்பார், தெருவைப் பார்ப்பார். "லேட். இன்னிக்கும் லேட்" என்று பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களிடம் அறிவிப்பார். பஸ் வந்ததும் கண்டக்டர்கள் காதைப் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சிருங்க மாப்பிள்ளை சார்" என்பார்கள். கடையிலிருந்து பார்த்தால் அந்தக் கம்பம் தெரியாது, வளைவு மறைக்கும். ஆனால் அந்தப் பக்கத்திலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டால் அக்கா எழுந்து டீக்குத் தண்ணீர் வைப்பாள். சிரிப்பு அடங்கினால் அவர் வந்துவிடுவார் என்று அர்த்தம்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. தெருவில் பாதிக்கு மேல் ஷட்டர் இறங்கியிருந்தது. சாப்பிட்டுவிட்டு உள்ளறையில் படுத்தவர், "ஒரு மாதிரி இருக்கும்மா" என்றார். நெஞ்சைப் பிடித்தார். முகம் வெளுத்து, சட்டை வியர்வையில் ஒட்டிக்கொண்டது. அக்கா அவர் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாள்.

எடுத்தது ஒரு பெண். எந்த ஊரில் உட்கார்ந்து பேசினாளோ, குரல் நிதானமாக இருந்தது. "முகவரி சொல்லுங்கம்மா."

"பெரிய தெரு. கிணத்து முக்கு தாண்டி, தியேட்டருக்கு எதிர்ல. புதுக் கட்டடத்துக்குப் பக்கத்து வீடு. சீக்கிரம் வாங்கம்மா."

"கதவு எண் சொல்லுங்க."

"அதெல்லாம் வேண்டாம்மா. யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க!"

மடியில் கிடந்தவரின் உதடு அசைந்தது. என்னவோ சொல்ல வந்தார். திணறித் திணறி மறுபடி சொல்ல முயன்றார். பேசினால் இருக்கிற மூச்சும் போய்விடுமே என்று அவளுக்குப் பயம். அவர் வாயின்மேல் மெதுவாகக் கையை வைத்தாள். "பேசாதீங்க. அலட்டிக்காதீங்க. இதோ வந்துருவாங்க."

வண்டி வந்தது. தெருவில் சத்தம் கேட்டதும் அவளுக்கு உயிர் வந்தது. "வந்துட்டாங்க பாருங்க" என்றாள். சத்தம் ஜன்னலுக்குக் கீழே வந்தது, நிற்காமல் கோர்ட் பக்கம் போனது. திருப்பிக்கொண்டு வருவார்கள் என்று நினைத்தாள். தெரு ஒருவழிப் பாதை, அங்கிருந்து திருப்ப முடியாது என்பது அந்த நேரத்தில் அவள் மனதில் உறைக்கவில்லை.

ஓட்டுநர் சின்ன வயதுக்காரர், ஊருக்குப் புதியவர். கிணற்றைத் தேடினார், இல்லை. தியேட்டரைத் தேடினார். கோர்ட் முனையில் புதிதாக வந்த பெரிய கடைவளாகத்தில் ஒரு தியேட்டர் இருந்தது. அதற்கு எதிரே வண்டியை நிறுத்தினார். புதுக் கட்டடங்களுக்கும் அங்கே குறைவில்லை. ஒவ்வொன்றாக ஏறி இறங்கினார். பிறகு டீக்கடையில் நின்றவர்களிடம் கேட்டார். "அது இந்தத் தியேட்டர் இல்லப்பா, பழைய தியேட்டர். பாலத்துக்கு அந்தப் பக்கம்" என்றார்கள். அவர் பின்தெருக்கள் வழியாகச் சுற்றிக்கொண்டு ரயிலடிக்குப் போனார். அங்கே நிஜமாகவே ஒரு பாலம் இருந்தது, ரயில் தண்டவாளத்துக்கு மேலே. பாலத்தில் ஏறி அந்தப் பக்கம் இறங்கித் தேடினார். தியேட்டர் இல்லை. திரும்பி வந்தார்.

இரண்டாம் முறையும் அந்தச் சத்தம் ஜன்னலுக்குக் கீழே கடந்து போனபோது, அக்கா அவர் தலையைத் தலையணையில் இறக்கிவைத்துவிட்டு ஓடினாள். முழங்கால் வலியெல்லாம் எங்கே போனதோ, படிகளில் விழுந்து எழுந்து தெருவுக்கு வந்தாள். வண்டியின் பின்பக்கம்தான் தெரிந்தது. "இங்க! இங்க!" என்று கத்திக்கொண்டே வளைவு முடியும் வரை ஓடினாள், பாலம் வரை ஓடினாள். அவள் கத்தலை அந்த வண்டியின் சத்தமே விழுங்கிவிட்டது. மரத்தடியில் யாரோ கை காட்டி நிறுத்தினார்கள். ஓட்டுநர், வருவது வரட்டும் என்று எதிர்த் திசையில் வண்டியைத் திருப்பினார். அக்கா முன்னால் ஓட, வண்டி பின்னால் வந்தது. தன் வீட்டுக்குத் தானே வழிகாட்டி ஓடினாள்.

மாடிக்கு வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவர் தனியாகப் போய்விட்டார்.

அந்த ஓட்டுநர் வாசற்படியில் உட்கார்ந்து அழுதார். "எல்லாரையும் கேட்டேம்மா. யாருமே தெரியாதுன்னு சொல்லல. எல்லாரும் வழி சொன்னாங்கம்மா" என்றார். பிறகு, குற்றம் சொல்லவேண்டும் என்று இல்லாமல், சின்னப் பிள்ளை முறையிடுவதுபோல் ஒன்று சொன்னார். "கதவு நம்பர் ஒண்ணு இருந்திருந்தா வண்டியில இருக்கிற வழிகாட்டி மெஷினே கூட்டிட்டு வந்திருக்கும்."

அப்போதுதான் அவளுக்கு அந்த உதடுகள் நினைவுக்கு வந்தன. அவர் என்ன சொல்ல வந்தார் என்பது புரிந்தது. சொல்லவிடாமல் வாயைப் பொத்திய கை இதோ, அவள் மடியில்தான் இருந்தது.

டாக்டர் சொன்னார், உடனே வந்திருந்தாலும் பிழைப்பது கஷ்டம்தான் என்று. வந்தவர்கள் எல்லாரும் அதையே திருப்பித் திருப்பிச் சொன்னார்கள். அக்கா கேட்டுக்கொண்டாள். ஒரு வார்த்தைகூட அவள் உள்ளே இறங்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்து வீடு வெறிச்சோடிய பிறகு, செருப்புக்கடை அண்ணன் வந்தார். நாற்காலி இருந்தும் படியிலேயே உட்கார்ந்தார். செருப்பைக் கழற்றி, அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு டீக்கடையில அந்தப் பையன் கேட்டது என்கிட்டதாம்மா. நான்தான் பாலத்துக்கு அந்தப் பக்கம்னு சொன்னேன். யாருக்குன்னு கேக்கணும்னுகூடத் தோணல. டீ ஆறிடுமேன்னு..."

"நீ சரியாத்தானேண்ணே சொன்னே" என்றாள் அக்கா. "பாலத்துக்கு அந்தப் பக்கம்தானே நம்ம வீடு."

இரண்டு பேரும் அழுதார்கள். இத்தனை வருஷத்தில் அந்தத் தெருவில் ஒருவர்கூடத் தப்பான வழி சொன்னதில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை.

அண்ணன் கிளம்பிப் போன பிறகு அக்கா படிக்கட்டுக்கு அடியிலிருந்து பெயிண்ட் டின்னை இழுத்தாள். மூடி இறுகியிருந்தது. மெஷினுக்கு வைத்திருந்த ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினாள். மேலே தோல்போல் காய்ந்திருந்ததைக் கிழித்தால் அடியில் பெயிண்ட் நன்றாகத்தான் இருந்தது. ஸ்டூலைப் போட்டு ஏறி, வாசல் சுவரில் கதவு எண்ணை எழுதினாள். ஆள் உயரத்துக்கு எழுதினாள். கோணல்மாணலாக வந்தது. ஒரு பக்கம் வழிந்து கீழே ஓடியது. ரயிலடியில் இறங்குகிறவனுக்குக்கூடத் தெரியும்போல் இருந்தது அந்த எண். தெருக்காரர்கள் பார்த்தார்கள். வாய் ஓயாமல் எதையும் பேசுகிற அந்தத் தெருவில், அதைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அதன் பிறகு அக்கா வழி சொல்வதை விட்டுவிட்டாள். யாராவது வந்து கேட்டால், "தெரியாதுங்க" என்பாள். "பக்கத்துல எங்கேயோன்னு சொன்னாங்களே..." "எனக்குத் தெரியாதுங்க." வெளியே நீள வந்த கையை இழுத்து மடியில் வைத்துக்கொள்வாள். தெருக்காரர்களும் அவளிடம் ஆளை அனுப்புவதை நிறுத்தினார்கள். ரயிலடிப் பக்கம் மட்டும் போய்வந்தாள். காய் வாங்குவது, தாள் வாங்குவது எல்லாம் அந்தப் பக்கம். பாலத்தைத் தாண்டி மரத்தடிப் பக்கம் அவள் கால் வைக்கவே இல்லை. சாயங்காலம் கடைக்குள் உட்கார்ந்திருக்கும்போது பஸ் பிரேக் போடும் சத்தம் கேட்கும். சிரிப்புச் சத்தம் இருக்காது. இருந்தாலும் அந்த நேரத்துக்கு உடம்பு எழுந்துவிடும், டீக்குத் தண்ணீர் வைக்க. பாதி வழியில் நினைவு வந்து உட்கார்ந்துகொள்வாள்.

மகள் வேறு ஊரில் இருக்கிறாள். தினமும் போனில் அழைத்தாள். "அந்தத் தெருவுல தனியா உக்காந்து என்னம்மா பண்றே? மெஷினைக் குடுத்துட்டு இங்க வந்துரு. பேரனாவது உன் முகம் பாக்கட்டும்." முதலில் தட்டிக்கழித்தவள், வருஷம் திரும்பப் போகிற சமயத்தில், "சரி, வர்றேன்" என்று சொல்லிவிட்டாள். அந்த வளைவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க அவளால் முடியவில்லை. மெஷினுக்கு ஆள் பேசியாகிவிட்டது. பாத்திரங்களைச் சாக்கில் கட்டி மாடிப்படி ஓரமாக வைத்திருந்தாள்.

அந்த வாரத்தில் ஒரு சாயங்காலம், வயதான ஒருவர் கடை வாசலில் வந்து நின்றார். கையில் உடைந்த மூக்குக் கண்ணாடி. கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தார்.

"ஏம்மா, மாப்பிள்ளை முக்கு எங்கம்மா இருக்கு?"

அக்கா தாளை அடுக்கிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள். "என்ன முக்கு?"

"மாப்பிள்ளை முக்கு. அங்கதான் கண்ணாடிக்கடையாம். கண்டக்டர் சொன்னார். அவர் கூவுறதுக்குள்ள நான் அவசரப்பட்டு முந்தின ஸ்டாப்லயே இறங்கிட்டேன். கண்ணாடி இல்லாம ஒண்ணும் சரியாத் தெரியல. யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்கன்னார்."

"அப்படி ஒரு இடம் இந்தத் தெருவுல இல்லீங்களே" என்றாள். பக்கத்துக் கடையிலிருந்து செருப்புக்கடை அண்ணன் எட்டிப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"மரத்தடி ஸ்டாப்பைத்தாம்மா இப்ப அப்படிச் சொல்றாங்க. முதல்ல கண்டக்டருங்கதான் ஆரம்பிச்சாங்க. அப்புறம் எல்லாரும் அப்படியே சொல்லப் பழகிட்டோம். உன் காதுல விழவேண்டாம்னு தெருவுல எல்லார்கிட்டயும் நான்தான் சொல்லிவெச்சேன். கண்டக்டருங்களையும் வளைவு தாண்டினப்புறம்தான் கூவச் சொன்னேன்."

அக்கா கையிலிருந்த தாள்களைக் கீழே வைத்தாள். பிறகு அவள் கை எழுந்தது. ஒரு வருஷமாக மடியில் கிடந்த கை, கதவுக்கு வெளியே நீண்டது.

"நேராப் போங்க. வளைவு முடிஞ்சதும் இடது பக்கம் ஒரு விளக்குக் கம்பம். அதுல சாஞ்சுக்கிட்டு, வாட்சைப் பாத்துக்கிட்டு ஒருத்தர் நிப்பார். அதான் மாப்பிள்ளை முக்கு. கண்ணாடிக்கடை எதிர்லயே இருக்கு."

பெரியவர் மகிழ்ந்துபோய்க் கிளம்பினார். அவர் வளைவில் மறைந்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அக்காவுக்கு உறைத்தது. கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். அன்றைக்கு ஓடிய அதே பாதை. வளைவைத் தாண்டினாள், பாலத்தைத் தாண்டினாள்.

பெரியவர் கம்பத்தடியில் நின்றுகொண்டிருந்தார். பஸ்ஸுக்கு நின்ற ஒவ்வொருவர் முகத்துக்கும் பக்கத்தில் போய்க் கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஐயா!" என்று கூப்பிட்ட அக்காவின் குரலைக் கேட்டதும், "யாரையும் காணோமேம்மா. வாட்ச் கட்டினவர் ஒருத்தர் நிப்பார்னியே" என்றார்.

"இல்லீங்க. நான் தப்பாச் சொல்லிட்டேன்." அவளுக்கு மூச்சு வாங்கியது. "அவர் செத்துப்போயிட்டார்ங்க. என் வீட்டுக்காரர். வண்டி வழி தெரியாம அலைஞ்சுது. நான் கதவு நம்பர் சொல்லல. அவர் சொல்ல வந்தார், நான் வாயைப் பொத்திட்டேன். தனியா விட்டுட்டுத் தெருவுல ஓடினேன். அதுக்குள்ள..."

மகளிடம்கூடச் சொல்லாததை, முன்பின் தெரியாத ஒருவரிடம், நட்டநடுத் தெருவில் நின்று சொன்னாள். பெரியவர் என்ன சொல்வார்? தட்டுத் தடுமாறி அவள் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். "வா தாயி, என்னை அந்தப் பக்கம் கொண்டுபோய் விடு" என்றார். அக்கா வண்டிகளைக் கைகாட்டி நிறுத்தி அவரைத் தெருவைக் கடக்கவைத்து, கண்ணாடிக்கடைப் படியில் ஏற்றிவிட்டாள்.

திரும்பி வந்து கம்பத்தருகில் நின்றாள். வீட்டுக்காரரின் தோள் பட்டுப் பட்டு, அந்த உயரத்தில் கம்பத்தின் பெயிண்ட் தேய்ந்து, இரும்பு மினுமினுத்தது. அதன்மேல் உள்ளங்கையை வைத்தாள். மாடிப்படி ஓரமாக அவள் கட்டிவைத்த சாக்குகள் நினைவுக்கு வந்தன. இந்தத் தெருவை விட்டுப் போனால், அவரை மறுபடியும் தனியாக விட்டுவிட்டு ஓடியதுபோல் ஆகிவிடும் என்று தோன்றியது. மெஷினுக்குப் பேசிய ஆளிடம் நாளைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடவேண்டும்.

பஸ்ஸுக்கு நின்ற ஒரு பெண் அவளைப் பார்த்து, "பஸ் லேட்டாங்க?" என்று கேட்டாள்.

"தெரியலம்மா" என்றாள் அக்கா. "அதைச் சொல்றவர் இப்ப இல்ல."

பஸ் வளைந்து வந்தது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, "மாப்பிள்ளை முக்கு! மாப்பிள்ளை முக்கெல்லாம் எறங்கு!" என்று கூவினார். கூவிக்கொண்டே வந்தவர் கம்பத்தடியில் நிற்பது யார் என்று பார்த்ததும் நிறுத்திவிட்டார். பழக்கத்தில் காதுக்குப் போன கை பாதியில் இறங்கியது. இறங்குகிறவர்கள் இறங்கி ஆளுக்கொரு பக்கமாகப் போனார்கள். அக்கா கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பஸ் வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் நின்றுவிட்டுப் புறப்பட்டது.